விழாத பாலத்தை மூடியவள்

மொங்கு
17 நவம்பர் 1996

லுயாண்டோவுக்கு,

"அன்புள்ள" என்று தொடங்க இந்த முறை மனம் வரவில்லை. பிறகு வந்தால் சேர்த்துக்கொள்கிறேன்.

என் அறிக்கை நேற்று லுசாகா பஸ்ஸில் திரும்பி வந்தது. நீ கையெழுத்துப் போடவேண்டிய இடம் வெள்ளையாகக் கிடக்கிறது. மேலே பென்சிலால் "மறுபடி எழுது" என்று மட்டும் எழுதியிருக்கிறாய். ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை.

பதிவு பெற்ற பொறியாளராக ஆவதற்கு, நான் செய்த வேலையை விவரிக்கும் அறிக்கையில் ஏற்கெனவே பதிவு பெற்ற இருவர் எனக்காகக் கையெழுத்திட வேண்டும். ஒருவர் எங்கள் மாகாணப் பொறியாளர். அவர் உறையைக்கூடப் பிரிக்காமல் "எங்கம்மா போடணும்?" என்று கேட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டார். அடுத்தது நீ. கல்லூரியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவள், என் சமையலைத் தின்றவள், உன்னிடம்தான் சுலபமாகக் கிடைக்கும் என்று நினைத்தேன்.

அறிக்கையில் இருக்கிற லுவாசி ஓடைப் பாலத்தில் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். முதல் நாள் போனபோது மேஸ்திரி என்னை விட்டுவிட்டு ஜீப் டிரைவரிடம் வரைபடத்தை விரித்துக் காட்டினார். இன்று அதே பாலத்தின் மேல் ஆஸ்பத்திரி வண்டி போகிறது. இதற்கு மேல் என்ன எழுதச் சொல்கிறாய்?

உங்கள் டோங்கா ஜனம் மாட்டைத் தவிர எதையும் லேசில் கொடுக்காது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். மாட்டையும் கொடுக்காது என்று இப்போது தெரிந்துகொண்டேன்.

நமுகோலோ


லுசாகா
25 நவம்பர் 1996

மேன்மை தங்கிய மகாராணி நமுகோலோ முபீட்டா அவர்களுக்கு,

எங்கள் மாடுகளையெல்லாம் உங்கள் லோசி ராஜாக்கள் ஓட்டிக்கொண்டு போன பிறகு கொடுக்க எங்களிடம் என்ன இருக்கிறது? வாயை மூடிக்கொண்டு மேலே படி.

உன் அறிக்கையிலிருந்து எடுத்து எழுதுகிறேன். "இடம் ஆராயப்பட்டது. மணல் சோதிக்கப்பட்டது. பாலத்தின் இடத்தை மாற்ற முடிவு எடுக்கப்பட்டது." யாரடி எடுத்தது? ஓடையில் இருக்கிற முதலையா? பக்கம் பக்கமாகத் தேடினேன், ஒரு மனுஷப்பிறவி இல்லை. மண் தானாகத் தோண்டப்பட்டு, சிமென்ட் தானாக ஊற்றப்பட்டு, பாலம் காளான் மாதிரி முளைத்திருக்கிறது. தப்பித்தவறி ஆள் வருகிற இடத்தில் "நாங்கள்" என்று இருக்கிறது.

இடத்தை மாற்றச் சொல்லி கான்ட்ராக்டரோடு மல்லுக்கட்டியது நீ. "வரைபடம் போட்டவங்க லுசாகால இருக்காங்க, அவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்று அவன் கேட்டதும், நீ மண்ணை வாளியில் அள்ளிக்கொண்டு போய் மேலதிகாரியின் மேஜையில் கொட்டியதும் எனக்குத் தெரியும். அழுதுகொண்டே எனக்கு எழுதினாயே. அந்த வாளி எங்கே இந்த அறிக்கையில்?

பதிவுக்கான நேர்காணலில் உட்காருகிற மூன்று பேருக்கும் பாலம் நன்றாக இருக்கிறதா என்பது முக்கியமில்லை. இந்த ஆளை நம்பிப் பொறியாளர் முத்திரையைக் கையில் கொடுக்கலாமா என்றுதான் பார்ப்பார்கள். ஆள் யாரென்றே சொல்லாமல் போனால் யாரிடம் கொடுப்பது?

நீ நம் வகுப்பிலேயே நல்ல பொறியாளர். இதை உன் முகத்துக்கு நேரே சொல்லமாட்டேன், தலைக்கனம் ஏறிவிடும். அதனால்தான் இந்த அறிக்கையில் கையெழுத்துப் போடமாட்டேன். "நான்" என்று எழுது. பிறகு அனுப்பு.

உன் மாட்டுக்காரி
லுயாண்டோ ஹமூங்கா


மொங்கு
9 ஜனவரி 1997

அன்புள்ள லுயாண்டோ,

வார்த்தை திரும்பி வந்துவிட்டது, கவனித்திருப்பாய்.

"நான்" என்று எழுதுவது உனக்குச் சுலபம். எங்கள் வீட்டில் வாய் திறந்தவுடன் "நான்" என்கிற பெண்ணை "உனக்கு மட்டும்தான் வாயா?" என்று உட்கார வைத்துவிடுவார்கள். என் அப்பா தனியாகத் தோணியில் போய்த் தனியாக வலை வீசி வந்தாலும், "இன்னிக்கு நமக்கு மீன் கெடச்சுது" என்றுதான் சொல்வார். அது பொய்யில்லை லுயாண்டோ. அது மரியாதை. மேஸ்திரியும் கூலிக்காரர்களும் இடுப்பளவு தண்ணீரில் நின்ற இடத்தில் நான் மட்டும் நின்றதாக எப்படி எழுதுவது?

ஆனால் உட்கார்ந்து எழுதும்போது ஒன்று புரிந்தது. வேலையில் எல்லாரும் இருந்தார்கள். பாலம் தப்பாகப் போயிருந்தால் மட்டும் "நாங்கள்" இருந்திருக்காது. ஒருத்தியைத்தான் கூப்பிட்டிருப்பார்கள். அந்த ஒருத்தி எங்கெங்கே நின்றாளோ அங்கேயெல்லாம் "நான்" என்று எழுதினேன். மற்ற இடங்களில் அவரவர் பெயரை எழுதினேன். வாளியும் இருந்தது, பார்த்திருப்பாய்.

முண்டியா படித்துவிட்டு, "இதெல்லாம் நெஜமாவே நீ செஞ்சதா? எங்கிட்ட சாயங்காலம் வந்து கால் வலிக்குதுன்னு மட்டும்தான சொல்லுவே" என்றார். கட்டின புருஷனுக்கே இப்போதுதான் தெரிகிறது.

நீ கையெழுத்திட்டு அனுப்பியதற்கு நன்றி. நேர்காணல் கடிதம் வந்துவிட்டது. பிப்ரவரி 13, வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை பஸ் ஏறுகிறேன். புது செருப்பு வாங்கியிருக்கிறேன், குதிகால் வைத்தது. சிரிக்காதே.

நமுகோலோ


கசிம்பே ஓடை, கவோமாவுக்குக் கிழக்கே
11 பிப்ரவரி 1997

லுயாண்டோ,

இதைக் கொண்டுவருகிற அம்மா கருவாட்டு வியாபாரி. நல்லவர். உன் ஆபீஸில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். தொடையில் வைத்து எழுதுகிறேன், கோணலாக இருக்கும்.

வழக்கம்போல மாம்பழம் வாங்க பஸ் பாலத்துக்கு முன்னால் நின்றது. நான் பாலத்தைப் பார்க்க இறங்கினேன். வெள்ளம் பலமாக ஓடுகிறது. கைப்பிடிக் கம்பி வரிசையில் கண் வைத்துப் பார்த்தேன், இந்தக் கரைப் பக்கம் ஒரு விரல் அகலம் கீழே இறங்கியிருக்கிறது. கரையோரம் பாலத்தைத் தாங்குகிற சுவருக்குப் பின்னால் தண்ணீர் கலங்கிக் கொப்பளிக்கிறது, ஓடை வருகிற மேல் பக்கத்தில் அப்படிக் கலங்கல் இல்லை. மீன்காரரிடம் ஈட்டிக்கழி வாங்கிச் சுவரின் அடியில் குத்தினேன். கழி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. இங்கே எல்லாம் வெறும் மணல், வெள்ளம் அடியை அரித்துவிடும் என்று உனக்குத் தெரியும்.

டிரைவர் லிகாண்டோ அண்ணனிடம் சொன்னேன். "தாயி, நேத்துகூட இதுமேலதான் வந்தேன்" என்றார். "அதான் அண்ணே, நேத்து. இன்னிக்கு வேண்டாம்" என்றேன். மரக்கிளை வெட்டிக் குறுக்கே போட்டு, நான் இடுப்பில் சுற்றுகிற சிவப்பு சிட்டெங்கேத் துணியை அதன்மேல் கட்டிவிட்டேன். பஸ்ஸில் இருந்தவர்கள் என்னைத் திட்டாத பாஷை இல்லை. "இவ புருஷன் என்ன பாவம் பண்ணானோ" என்று ஒரு தாத்தா முண்டியாவுக்காக இரக்கப்பட்டார்.

ஆட்களை மட்டும் ஒவ்வொருவராக, சேதமில்லாத ஓரமாக நடந்து போகச் சொன்னேன். முதலில் நான் போய்த் திரும்பி வந்து காட்டினேன். அக்கரையிலேயே நிறுத்தித் திருப்பச் சொன்ன ஒரு லாரி அவர்களை ஏற்றிக்கொண்டிருக்கிறது. "நீயும் வா தாயி, உனக்குப் பரிட்சையாமே" என்று எல்லாரும் கூப்பிடுகிறார்கள். இவ்வளவு நேரம் திட்டியவர்கள்தான்.

நானும் நடந்து போயிருக்கலாம். ஆனால் நான் போன மறு நிமிடமே அந்தக் கிளையை இழுத்துப் போட்டுவிடுவார்கள். இந்தப் பக்கம் சிமென்ட் லாரி ஒன்று இப்போதே என்ஜினை அணைக்காமல் நிற்கிறது.

கவோமாவிலிருந்து மாவட்ட அதிகாரி வந்தார். "எந்த அதிகாரத்துல மூடினே?" என்றார். எந்த அதிகாரமும் இல்லை என்றேன். "உன் பதிவு எண் என்ன?" "அத வாங்கத்தான் சார் போய்ட்டிருந்தேன்" என்றேன். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அப்ப யார் பேர்ல மூடியிருக்கே?" "என் பேர்ல. நமுகோலோ முபீட்டா. எழுதிக்குங்க."

பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர் கையெழுத்திட்ட தாள் வியாழன் மதியத்துக்குள் வராவிட்டால் திறந்துவிடுவாராம். எங்கள் மாகாணப் பொறியாளர் ஊரில் இல்லை. நீ ஒரு தாளில் "பாலம் பாதுகாப்பானதல்ல" என்று எழுதி முத்திரை குத்தி லாரியில் அனுப்பு. நான் பார்த்ததையெல்லாம் மேலே எழுதியிருக்கிறேன். என்னை நம்பு.

நமுகோலோ


லுசாகா
12 பிப்ரவரி 1997

நமுகோலோ,

கையெழுத்து வராது. கண்ணால் பார்க்காததற்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன், உனக்காகவும் போடமாட்டேன். முத்திரை வாங்கும்போது நான் ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

இந்தச் சீட்டோடு லாரி இப்போதே கிளம்புகிறது. ஆபீஸில் சொல்லிவிட்டு, கயிறு எடுத்துக்கொண்டு, பின்னாலேயே நான் வருகிறேன். அதுவரை கிளையை விட்டு நகராதே.

நாளைக்கு உனக்கு நேர்காணல் என்பது நினைவிருக்கிறதா, பைத்தியமே?

லுயாண்டோ


லுசாகா
19 பிப்ரவரி 1997

அன்புள்ள நமுகோலோ,

அங்கே உன்னிடம் நான் சரியாகப் பேசவில்லை. கோபமாக இருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

வழியெல்லாம் நான் என்ன நினைத்துக்கொண்டு வந்தேன் தெரியுமா? நீ சொன்னது தப்பாக இருந்தால் அத்தனை பேர் முன்னால் "தப்பு" என்று என் வாயால் சொல்லவேண்டியிருக்கும். சரியாக இருந்தாலும் உன் நேர்காணல் போனது போனதுதான். எப்படிப் பார்த்தாலும் எனக்கு உன்மேல்தான் கோபம்.

லுசாகா பக்கக் கரையில் இறங்கி நடந்து வந்தபோது நீ கிளைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். முழங்கால் வரை சேறு. அந்தக் குதிகால் செருப்பு ஜோடியாகப் பஸ்ஸின் படியில் இருந்தது. என்ஜினை அணைக்காமல் நிற்பதாக எழுதியிருந்தாயே, அந்த சிமென்ட் லாரிக்காரர் உனக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். களியும் மீனும் யாரோ கொண்டுவந்து வைத்திருந்தார்கள், நீ தொடவில்லை.

அந்த அதிகாரி உன்னிடம் கேட்டது நான் வரும்போதே என் காதில் விழுந்தது.

"அப்ப இது விழுமா?"

"தெரியாது சார்."

"எப்ப விழும்?"

"அதுவும் தெரியாது."

"பின்ன என்னதாம்மா தெரியும் உனக்கு?"

"இதுமேல பஸ்ஸ விடக் கூடாதுன்னு தெரியும்."

இந்தப் பதிலை எனக்கு எந்தப் பேராசிரியரும் கற்றுத்தரவில்லை. நானாக இருந்தால் "கண்டிப்பா விழும்" என்று அடித்துச் சொல்லியிருப்பேன், ஜெயிப்பதற்காக. நீ தெரிந்ததைத் தெரியும் என்றாய், தெரியாததைத் தெரியாது என்றாய். ஒரு அங்குலம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகவில்லை.

இடுப்பில் கயிறு கட்டி நான் இறங்கியபோது லாரிக்காரர்களோடு நீயும் கயிற்றைப் பிடித்திருந்தாய். சுவருக்கு அடியில் கை விட்டுப் பார்த்தேன். மண் இருக்கவேண்டிய இடத்தில் மண் இல்லை. அந்தச் சுவர், பாதி நீளத்துக்கு, வெறும் தண்ணீரின் மேல் நின்றுகொண்டிருந்தது. எப்படி நின்றது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மேலே வந்து ஈரக் கையோடேயே கையெழுத்துப் போட்டேன். நீ துடைக்கத் துணியைக் கொடுத்தாய்.

பதிவுக் குழுவில் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார். நடந்ததைச் சொன்னால் தனியாக ஒரு நாள் ஒதுக்குவார்கள். சொல்லட்டுமா?

லுயாண்டோ


மொங்கு
16 மார்ச் 1997

அன்புள்ள லுயாண்டோ,

சொல்லாதே. எல்லாரும் உட்காருகிற வரிசையில் நானும் உட்காருகிறேன். அடுத்த அமர்வு ஆகஸ்டில் என்று எழுதியிருக்கிறார்கள். இந்த நாற்காலியைத் தயவு கேட்டு வாங்கினால் பிறகு யார் கேட்டாலும் நானும் தயவு காட்டவேண்டிவரும்.

இங்கே நிலவரம் அவ்வளவு நன்றாக இல்லை. பழுதுபார்க்கிற வரை ஐந்து வாரமாகப் பஸ் சுற்றுவழியில் போகிறது. உப்பு வரவில்லை என்றால் நான், மண்ணெண்ணெய் வரவில்லை என்றால் நான். பாலம் விழுந்திருந்தால்கூட மன்னித்திருப்பார்கள், அது விழாமல் நிற்கிறதே! சந்தையில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: "விழாத பாலத்தை மூடினவ". தக்காளி வாங்கப் போனால், "பாத்து எடும்மா, கூடை விழுந்துடப் போவுது" என்கிறார்கள்.

சாலைத் துறையிலிருந்து விளக்கம் கேட்டார்கள். அதிகாரம் இல்லாமல் நெடுஞ்சாலையை மூடியது ஏன் என்று. உன் தாளை இணைத்து, ஒரே பக்கத்தில் பதில் எழுதினேன். எல்லா வாக்கியமும் "நான்" என்றே தொடங்கியது. இந்த முறை யோசிக்கவே இல்லை, கை தானாகப் போயிற்று. மாகாணப் பொறியாளர் முதல் முறையாக நான் எழுதியதை முழுக்கப் படித்தார். "நான் ஊர்ல இருந்திருந்தா மூடியிருப்பேனான்னு தெரியலம்மா" என்றார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார். அது பாராட்டா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

நீ கையெழுத்தை அனுப்ப மறுத்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று இதுவரை சொல்லவில்லை. சீட்டைப் படித்துவிட்டு உன்னை வாயில் வராத வார்த்தையெல்லாம் சொன்னேன். லிகாண்டோ அண்ணன் காதைப் பொத்திக்கொண்டார். பிறகு நீ தண்ணீரில் இறங்கினாய். அந்தத் தாளை நீ பார்க்காமல் அனுப்பியிருந்தால் அது எனக்கு உதவியாக இருந்திருக்கும், அவ்வளவுதான். நீ வந்ததால் அது உண்மையாக இருந்தது. நன்றி.

நமுகோலோ


லுசாகா
21 ஆகஸ்ட் 1997

அன்புள்ள லுயாண்டோ,

நீ சியாவோங்காவில் அணை வேலையில் மாட்டிக்கொண்டாய், நான் உன் வீட்டில் உன் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் சமையலறையில் உப்பைத் தவிர எதுவும் இல்லை, வெட்கமாக இல்லையா?

நேர்காணல் முடிந்தது. மூன்று பேர். நடுவில் ஒரு வயதான பொறியாளர், ஒரு பக்கம் குடிநீர் வேலையில் இருக்கிற அம்மா, இன்னொரு பக்கம் யாருடைய முகத்தையும் பார்க்காத ஒருவர். லுவாசிப் பாலத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார்கள். ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "தெரியலை" என்றேன். முகம் பார்க்காதவர் எதையோ குறித்துக்கொண்டார். அங்கேயே போயிற்று என்று நினைத்தேன்.

கடைசியில் அந்த அம்மா கேட்டார்: "பிப்ரவரியில கூப்பிட்டிருந்தோம், வரலையே?"

"வழியில ஒரு பாலத்த மூடிட்டேங்க."

"அதுக்கு உங்களுக்கு அதிகாரம் இருந்துதா?"

"இல்லைங்க."

"அதிகாரம் இல்லாம எப்படி மூடினீங்க?"

"கிளைய வெட்டிப் போட்டு."

நடுவில் இருந்தவர் இருமுவது போல வாயை மூடிக்கொண்டார். முகம் பார்க்காதவர் அப்போதுதான் நிமிர்ந்தார். "அடியில மண்ணு கெட்டியா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

இந்தக் கேள்வியை ஆறு மாதமாக எனக்கு நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன், லுயாண்டோ. அதனால் பதில் தயாராக இருந்தது என்று நினைக்காதே. அங்கேதான் வந்தது.

"பஸ்ஸுல இருந்த ஒவ்வொருத்தர்கிட்டயும் மன்னிப்புக் கேட்டிருப்பேன். கிளைய நானே இழுத்துப் போட்டிருப்பேன்."

"அப்புறம்?"

"அடுத்த பாலத்துல கைப்பிடி இறங்கியிருந்தா மறுபடியும் நிறுத்துவேன்."

"ஜனங்க திட்டுவாங்களே."

"திட்டினாங்க சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "நீங்க போகலாம்" என்றார்கள். அவ்வளவுதான். ஒன்றும் புரியாமல் வெளியே வந்து, தெருமுனையில் சுட்ட சோளம் ஒன்று வாங்கி, நடந்துகொண்டே தின்றேன்.

நமுகோலோ


லுசாகா
30 செப்டம்பர் 1997

பதிவு பெற்ற பொறியாளர் நமுகோலோ முபீட்டா அவர்களுக்கு,

மேலே எழுதியிருப்பது தப்பில்லை. மறுபடி படி.

காலையில் புதிதாகப் பதிவு பெற்றவர்களின் பட்டியலை ஒட்டினார்கள். நானே போய் விரல் வைத்துப் பார்த்தேன், பிறகு காவலாளியைக் கூப்பிட்டு அவரையும் படிக்கச் சொன்னேன். "உங்க தங்கச்சியாம்மா?" என்றார். "இல்லங்க, எங்க மாட்டைத் திருடினவங்க வீட்டுப் பொண்ணு" என்றேன். அந்த மனுஷர் இன்னும் குழம்பிக்கொண்டிருப்பார்.

கேலியை விட்டுவிட்டு ஒன்று சொல்கிறேன். நான் இந்த முத்திரையை வாங்கியபோது கூடவே வந்த சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். அது ஒரு பரிசு என்று நினைத்திருந்தேன். நீ அது இல்லாமலேயே சேற்றில் நின்றதைப் பார்த்த பிறகுதான் அது எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்று எனக்குத் தெரிந்தது. சட்டத்தைக் கழற்றிவிட்டேன் என்று நினைக்காதே, இன்னும் மாட்டித்தான் இருக்கிறது. இப்போது அதைப் பார்க்கிறபோது கொஞ்சம் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

முண்டியாவிடம் நான் கும்பிட்டதாகச் சொல். கருவாடு அனுப்பு.

லுயாண்டோ


மொங்கு
2 நவம்பர் 1997

அன்புள்ள லுயாண்டோ,

லுசாகாவில் பொறியாளர் உறுதிமொழி எடுத்துவிட்டுத் திரும்பியது லிகாண்டோ அண்ணனின் பஸ்ஸில். கசிம்பேயில் பழுதுபார்த்து முடித்துவிட்டார்கள். சுவருக்கு அடியில் புதுச் சிமென்ட், அதன் முன்னால் கம்பிவலைக்குள் கல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அண்ணன் பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்தார்.

"எறங்கிப் பாத்துட்டு வா தாயி."

"எதுக்குண்ணே? ஊரே போய்ட்டு வருதே."

"போகுது. ஆனா நீ பாத்துச் சொன்னா எனக்கு ஸ்டியரிங் லேசா இருக்கும்."

பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். ஒரு அம்மா, "சும்மா இருடா, இன்ஜினியரம்மா பாக்கட்டும்" என்று அதட்டினார்.

இறங்கினேன். அவசரப்படவில்லை. கைப்பிடி நேராக இருந்தது. சுவர் நன்றாக இருந்தது. ஓடை வெளியேறுகிற கீழ்ப்பக்கம் மட்டும் கம்பிவலை ஓரிடத்தில் பிரிந்து, கொஞ்சம் கல் சரிந்து தண்ணீருக்குள் கிடந்தது. இப்போதைக்கு ஆபத்து இல்லை. ஆனால் மழை தொடங்கப்போகிறது. "போகலாம்" என்று சொல்லி ஏறினேன்.

மறுநாள் ஆபீஸுக்குப் போனதும் துறைக்குக் கடிதம் எழுதினேன். பதிவு பெற்ற பொறியாளராக நான் எழுதிய முதல் கடிதம் இதுதான். "கசிம்பே பாலத்தின் கீழ்ப்பக்கத்தை நான் நேரில் பார்த்தேன். மழைக்கு முன் ஒரு லாரி கல் தேவை." கீழே பெயர், பெயருக்கு அடியில் பதிவு எண். எண்ணை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது, பிறகு எழுதியது.

முண்டியா பார்த்துவிட்டு, "இவ்வளவு பாடுபட்டு வாங்கிட்டு, மொதல்ல கேக்கறது கல்லா?" என்று சிரித்தார்.

கல் இன்னும் வரவில்லை. நாளைக்கு மறுபடி எழுதுவேன்.

நமுகோலோ